சுவைத்துப் பார்த்த பந்தி மேற்பார்வையாளர்

(சாரல் பருவத்தில் வானொலியில் ஒலிபரப்பான உரை. அன்று கேட்கத் தவறிய பங்கு மக்கள் விரும்பிக் கேட்டதால் இங்கே அச்சாகிறது.)



குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை. ஐந்தருவிக்குப் போகிற வண்டிகள் தென்காசி வீதியை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த நெரிசலைக் கடந்து, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். பீடி சுற்றி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். கணவர் குடியால் ஈரல் கெட்டு இறந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன. கடைசி மகன் கேட்டரிங் படித்துவிட்டுப் பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை பார்க்கிறான்.

“சாமி, அவுக அப்பாவ ஒயின்ஷாப்பு கொண்டுட்டுப் போயிட்டு. இவன் இப்ப ஒயினப் பத்திப் படிக்கேங்கான். பரீச்சை எழுதப் போறானாம். அவன் அனுப்புத ரூவாய நான் தொடல. பேங்குல அப்படியே கெடக்கு. நீங்கதான் அவனுக்குப் புத்தி சொல்லணும்” என்றார்.

சொல்கிறேன் அம்மா என்றேன். அவர் எழுந்து போகவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இன்னொன்றும் கேட்டார்: “கோவிச்சுக்கிடாதீங்க சாமி. நீங்க பூசையில குடிக்கதும் அதுதான?”

குருமடத்தில் இறையியல் படித்தவனிடம் இதற்குப் பதில் இல்லாமலா? ஆனால் அந்தப் பதில் அவருக்கும் தெரியும். சிறுவயதிலேயே மறைக்கல்வி வகுப்பில் படித்தவர்தான். அவர் கேட்டது அதைப்பற்றி அல்ல. காணிக்கை நேரத்தில் சிறு குப்பியில் பீடத்துக்கு வருகிறதே, அந்தப் பொருளைப்பற்றிக் கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் கையில் எடுக்கும் அந்தப் பொருளை நான் ஒருநாளும் சுவைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சொல்லைப்பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் சாராயக் கடைக்குப் பெயர் ஒயின்ஷாப். 2003-இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகும் பேச்சில் அந்தப் பெயர் போகவில்லை. அங்கே பெரும்பாலும் விற்பது பிராந்தியும் ரம்மும் பீரும். ஒயின் என்றால் திராட்சைச் சாறு தானாகப் புளித்து உண்டாவது, காய்ச்சி வடிப்பதில்லை. ஆகவே அந்தத் தாயின் காதில் ‘ஒயின்’ என்ற சொல் விழும்போது, அவர் நினைவுக்கு வருவது திராட்சைத் தோட்டம் அல்ல, கணவர் விழுந்து கிடந்த கடை வாசல்.

அதற்காக ஒயின் ஏதோ பழச்சாறு என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கைப் பாருங்கள். நம் கடைப் பிராந்தியில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து. கனத்த சிவப்பு ஒயினில் 13.5 முதல் 15 பங்கு வரை. 150 மில்லி கொள்ளும் ஒரு கிளாஸ் ஒயினில் சுமார் 20 மில்லி சாராயம் இருக்கும். ‘கட்டிங்’ என்கிறார்களே, 90 மில்லி, அதில் பாதியைக் குடித்தால் உள்ளே போவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 750 மில்லி பாட்டில் முழுவதையும் ஒருவர் குடித்தால் ஒரு குவாட்டரைத் தாண்டிவிடுவார். மது சிவப்பாக இருந்தால் இதயத்துக்கு நல்லது என்று ஒரு பேச்சு இருபது முப்பது ஆண்டுகளாக உலவுகிறது. உடலுக்குத் தீங்கு செய்யாத மதுவின் அளவு என்று ஒன்று இல்லை என 2023 சனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. மருந்துக்காகக் குடிக்கிறேன் என்று சொல்லி இனி யாரும் என்னிடம் வரவேண்டாம்.

அதன் பிறகு ஒரு கூட்டத்துக்காகப் பெங்களூர் போக நேர்ந்தது. புத்தி சொல்வதற்காகத்தான் அந்தத் தம்பியைப் பார்க்கப் போனேன். “ஃபாதர், நாளைக்குக் காலையில பத்தரை மணிக்கு எங்களுக்கு வகுப்பு இருக்கு. வந்து உக்காந்து பாருங்க. பொறவு என்ன சொன்னாலும் கேக்கேன்” என்றான். காலை பத்தரை மணிக்கா என்று கேட்டேன். அப்போதுதான் நாக்கு களைப்பில்லாமல் இருக்குமாம்.

போனேன். வெள்ளைத் துணி விரித்த மேசை. ஆளுக்கு மூன்று கிளாஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு அளவு. ஒரு டம்ளர் தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு, ஒரு வெள்ளைத் தாள். பக்கத்தில் மூடியில்லாத ஒரு தூக்குப் பாத்திரம். அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பாடம் நடத்தியவர் ஒரு பெண்மணி. அன்றைய பாடம் ‘ஃபுல் பாடி’ சிவப்பு ஒயின்கள், அதாவது உடல் நிறைந்தவை.

ஒயினுக்கு ஏது உடல்? நம் வீட்டுப் பொருளை வைத்துச் சொல்கிறேன். நீர்மோரை வாயில் வைத்துப் பாருங்கள், பிறகு பாலை, பிறகு கெட்டியான மோரை. ருசியை விடுங்கள், நாக்கின்மேல் ஒவ்வொன்றும் வேறு வேறு எடையோடு உட்காரும். பதநீருக்கும் கருப்பட்டிப் பாகுக்கும் உள்ள வித்தியாசம் அது. அந்த எடையைத்தான் உடல் என்கிறார்கள். சாராயச் சத்து கூடினால் எடை கூடும். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய பொருள்கள் எவ்வளவு கரைந்திருக்கின்றனவோ அவ்வளவுக்கும் கூடும். நாம் கனம் என்ற சொல்லையே வைத்துக்கொள்வோம்.

கனம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புதிய செய்தி. ஒரு கறுப்புத் திராட்சையை நசுக்கிப் பாருங்கள். உள்ளே சதையும் சாறும் ஏறக்குறைய வெளுப்பாகத்தான் இருக்கும். நிறம் தோலில் இருக்கிறது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைத் தோலிலிருந்து உடனே பிரித்துவிடுகிறார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோல், விதை, சாறு எல்லாவற்றையும் சேர்த்தே புளிக்க விடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அந்த வாயு தோல்களை மேலே தூக்கி ஒரு மெத்தைபோல மிதக்க வைக்கும். அதை ஒரு நாளில் பலமுறை கீழே அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்காது. ஒரு வாரம், இரண்டு வாரம், சில இடங்களில் அதற்கு மேலும் இந்த வேலை நடக்கும்.

இதைக் கேட்டதும் நம் தென்காசிச் சந்தைக்கு வருகிற கம்பம் பன்னீர்த் திராட்சை எனக்கு நினைவுக்கு வந்தது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. 1832-இல் ஒரு பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. வெளிநாட்டில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மணம் அபாரம், சாறு நிறைய; உரிக்காமல் அப்படியே மென்றுவிடலாம். சாப்பிடுவதற்கும் சாறு எடுப்பதற்கும் அதற்கு நிகர் இல்லை. ஆனால் கனத்த ஒயினுக்கு அது ஏற்றதல்ல. நிறமும் துவர்ப்பும் போதாது. அதற்கு வேண்டியது சின்னஞ்சிறு மணி, தடித்த தோல். காபர்னே சோவின்யோன் என்ற வகை அப்படிப்பட்டது. சிராஸ் என்பது இன்னொன்று. 1980-களின் கடைசியில் நந்தி மலை அடிவாரத்திலும், அடுத்த பத்தாண்டில் நாசிக் பக்கத்திலும் ஒயின் திராட்சை வகைகளைப் பயிரிடத் தொடங்கினார்கள். தின்பதற்கு இவை சுகப்படாது, விதையும் தோலும்தான் வாயில் நிற்கும். சந்தையில் விலைபோகாத பழம் கிண்ணத்துக்கு உயர்ந்ததாகிறது.

முதலில் பார்க்கச் சொன்னார்கள். கிளாஸை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்துப் பிடித்து ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஓரம் நாவல்பழ ஊதாவாக இருந்தால் இளசு. செங்கல் நிறமாகத் திரும்பியிருந்தால் வயதானது. சிவப்பு ஒயின் வயதாக ஆக வெளுக்கும். நிறமும் துவர்ப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து வண்டலாக அடியில் இறங்கிவிடும். எசாயா இறைவாக்கினர் 25-ஆம் அதிகாரத்தில் மலைமேல் நடக்கும் பெருவிருந்தைச் சொல்லும்போது, வண்டலில் முதிர்ந்து, தெளிய வடித்த திராட்சை இரசத்தைக் குறிப்பிடுகிறார். எத்தனையோ அடக்கப் பூசைகளில் அந்தப் பகுதியை வாசித்திருக்கிறேன். வண்டல் ஏன் வருகிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்டுக்கொண்டதில்லை. பழைய சிவப்பு ஒயினை இன்றைக்கும் அப்படித்தான் மெதுவாகச் சாய்த்து, வண்டல் பாட்டிலிலேயே தங்கும்படி வேறு குடுவைக்கு மாற்றுகிறார்கள்.

நீதிமொழிகள் நூலின் 23-ஆம் அதிகாரம் அறிந்தவர்கள் இந்த இடத்தில் என்னை மடக்கலாம். இரசம் சிவந்து கிண்ணத்தில் பளபளப்பதைப் பார்க்காதே என்றுதானே அங்கே எச்சரிக்கை? ஆம். அதே அதிகாரம் அதற்கு முன்னால் யாரைப்பற்றிப் பேசுகிறது என்றும் பாருங்கள்: இரவு நெடுநேரம் குடியில் கிடப்பவனைப்பற்றி. அவனுடைய பார்வை வேறு, ஓரத்து நிறத்தை வைத்து வயதைச் சொல்கிறவனுடைய பார்வை வேறு. ஆனால் ஒன்று: முதல்வகைப் பார்வை தனக்கு உண்டு என்று அறிந்தவர் இரண்டாவதைப் பழகப் போகவே கூடாது.

கிளாஸைச் சுழற்றினால் உட்புறத்தில் சொட்டுச் சொட்டாக வழியும். அதைக் கண்ணீர் என்கிறார்கள். தரத்துக்கு அடையாளம் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி ஒன்றுமில்லை, சாராயம் ஆவியாவதால் நடப்பது அது.

அடுத்தது முகர்தல். இங்கேதான் நம் குற்றாலம் எனக்குக் கை கொடுத்தது. கம்பெனிக்காரர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் குற்றால மலையில் கிராம்பும் சாதிக்காயும் பட்டையும் வைத்துத் தோட்டம் போட்டார்கள். இன்றும் பருவத்தில் கடை வீதியில் நடந்தால் அந்த வாசனைதான். முதல் கிளாஸை முகர்ந்தபோது எனக்குக் கிராம்பு வாசனை அடித்தது. பிரமை என்று நினைத்துக் கூச்சத்தோடு சொன்னேன். அந்தப் பெண்மணி தலையசைத்தார். ஒயினை ஓக் மரப் பீப்பாயில் வைக்கிறார்கள். பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டியிருப்பார்கள். அந்த மரத்திலிருந்து யூஜெனால் என்ற பொருள் இறங்குகிறது. கிராம்புக்கு வாசனை தருவதும் அதே யூஜெனால்தான். இரண்டாவது கிளாஸ் சிராஸ், அதில் மிளகு. இதுவும் உவமை அல்ல. மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் சிராஸ் திராட்சையின் தோலிலும் இருப்பதை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே தெரியாதாம். அன்று வகுப்பிலும் ஒரு பையன் எனக்கு ஒன்றுமே வரவில்லையே என்று விழித்தான்.

மூன்றாவது கிளாஸ் வயதான காபர்னே. அவரவருக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். ஒருவர் பென்சில் சீவிய வாசனை என்றார், இன்னொருவர் உலர்ந்த பழம் என்றார். நம் தம்பி கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தான். பிறகு ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னான்: புகையிலை. அந்தப் பெண்மணி சரியாகச் சொன்னாய் என்றார். சிகரெட்டா, சுருட்டா, எந்த மாதிரிப் புகையிலை என்று மேலும் கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் சொன்னான்: “எங்கம்மா சொளவுல இருக்க தூளு, ஃபாதர். ஈரம் காயாத புதுத் தூளு.”

பீடிக்கு இலையும் தூளும் வாங்கி வரும் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். அவன் தொட்டில் கட்டியிருந்த இடமே அந்தச் சொளவுக்குப் பக்கத்தில்தான்.

பிறகு வாயில் வைத்தோம். கொஞ்சமாக உறிஞ்சி, விழுங்காமல், வாய் முழுவதும் சுழற்றி, உதட்டைக் குவித்துக் காற்றையும் சேர்த்து இழுக்க வேண்டும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். காற்றுப் பட்டதும் வாசனை மூக்கின் பின்வழியாக ஏறுகிறது. உடனே ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு, யாரோ துணியால் துடைத்துவிட்டதுபோல ஆயிற்று. கசக்கிறது என்றேன். “கசக்கல ஃபாதர், துவர்க்குது” என்றான் தம்பி.

அவன் திருத்தியது சரி. வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, கடுக்காய், பழுக்காத நாவல், மங்குஸ்தான் தோல்: இவற்றைக் கடித்தால் என்ன ஆகுமோ அது. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள், நம் உமிழ்நீரில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வழுவழுப்பு போய்விடுவதால் வாய் உலர்கிறது. கட்டன் சாயாவில் இதே டானின்தான் நாக்கைப் பிடிக்கிறது. பால் ஊற்றினால் அடங்கிவிடும், ஏனென்றால் டானின் பாலின் புரதத்தோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. கொழுப்புள்ள இறைச்சியோடு கனத்த சிவப்பு ஒயினை வைப்பதற்கும் காரணம் இந்த வழியில்தான். மேற்கத்திய அறிவியல் துவர்ப்பைச் சுவை என்று எண்ணுவதில்லை, அது தொடுவுணர்ச்சி என்கிறது. நம் முன்னோர் ஆறு சுவையில் அதற்கும் இலை போட்டு உட்கார வைத்தார்கள். பெங்களூர் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கசப்புக்கும் துவர்ப்புக்கும் வேறுபாடு தெரியாமல் திணறியபோது நம் தம்பிக்கு அந்தச் சிக்கலே இல்லை. ஐந்து வயதில் கற்ற சொல் அவனிடம் தயாராக இருந்தது.

துவர்ப்பிலும் தரம் உண்டு. பச்சைப் பாக்கைப்போல நாக்கைச் சுரண்டினால் அது முரட்டுத் துவர்ப்பு. முதிர்ந்த ஒயினில் பட்டுத்துணி உராய்வதுபோல இருக்கும். கனம் அதிகமாக இருப்பதாலேயே ஒரு ஒயின் நல்லதாகிவிடாது. கனம், புளிப்பு, துவர்ப்பு, சாராயத்தின் சூடு இவற்றில் ஒன்று மற்றதை அமுக்காமல் நிற்க வேண்டும். அன்று முதல் கிளாஸில் மரவாசனை தூக்கலாக இருந்தது. விலை அதிகம் என்று பிறகு சொன்னார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. சூடும் முக்கியம்: 16 முதல் 18 டிகிரி வரை என்கிறார்கள். ‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்று எழுதியிருப்பது ஐரோப்பிய வீட்டின் குளிர்ந்த அறையை நினைத்து; சித்திரை மாதத்துத் தென்காசி அறையில் வைத்தால் சாராய நெடிதான் மேலே வரும். காரமும் ஆகாது. சாராயம் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். பிரானூர் பார்டர் கோழிக்கு மோரே சரி.

வாயில் இருந்ததை என்ன செய்வது? அப்போதுதான் அந்தத் தூக்குப் பாத்திரம் எதற்கு என்று விளங்கியது. எல்லாரும் அதில் துப்பினார்கள். துப்பிய பிறகு ருசி எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ணச் சொன்னார்கள். நல்ல ஒயினில் அது நீண்டு நிற்கும். என்னால் துப்ப முடியவில்லை. கிண்ணத்தில் ஒரு துளியும் தங்கக்கூடாது என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிக் குடித்து, துணியால் துடைத்தே பழகிய ஆள் நான். இது அர்ச்சிக்கப்படாத வெறும் ஒயின் என்று மூளைக்குத் தெரிகிறது, வாய்க்குத் தெரியவில்லை. மூன்றாவது கிளாஸில்தான் துப்பினேன். வகுப்பு முடிந்தபோது அந்த அறையில் யாருக்கும் போதை இல்லை. போதை ஏறியவனால் அந்த வேலையைச் செய்யவே முடியாது.

கானாவூர்த் திருமணத்தை எத்தனை முறை விளக்கியிருக்கிறேன்! ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குடம் நீர். அன்னை மரியாவைப்பற்றிப் பேசுவேன், பணியாளர்களின் கீழ்ப்படிதலைப் பேசுவேன். பந்தி மேற்பார்வையாளரை ஒரு சின்னப் பாத்திரமாகத் தாண்டிப் போய்விடுவேன். அன்றுதான் அவரைப் பார்த்தேன். யோவான் நற்செய்தியாளர் அவரைப்பற்றி இரண்டு செய்திகளைத் தருகிறார். அவர் சுவைத்தார், அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. பணியாளர்களுக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. பிறகு அவர் மணமகனை அழைத்துச் சொல்வதன் பொருள் என்ன? எல்லாரும் நல்லதை முதலில் வைப்பார்கள், விருந்தினர் நன்றாகக் குடித்த பிறகு மட்டமானதை இறக்குவார்கள். ஏன்? அப்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பந்தலில் வித்தியாசம் தெரிந்த ஒருவர் அவர்தான். குடித்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. குடித்தவர்கள் புதுமையைக் குடித்துவிட்டுப் போனார்கள், சுவைத்தவர் அது நல்ல இரசம் என்று அறிந்தார்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சுவைப்பதை இன்றைக்கு ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். பாட்டிலை மறைத்துவிட்டு ஊற்றுவார்கள். 1976 மே 24 அன்று பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வணிகர் இப்படி ஒரு போட்டி நடத்தினார். பிரெஞ்சு நடுவர்கள், அவர்கள் நாட்டின் பேர்பெற்ற ஒயின்கள், எதிரே பெயர் தெரியாத கலிபோர்னியா ஒயின்கள். சிவப்பில் முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் என்ற தோட்டத்தின் 1973-ஆம் ஆண்டு காபர்னே. வெள்ளையிலும் கலிபோர்னியாவே வென்றது. பெயர் தெரிந்திருந்தால் அந்த நடுவர்களின் நாக்கு வேறு தீர்ப்புச் சொல்லியிருக்கும் என்பது என் எண்ணம். 2001-இல் வெளியான இன்னொரு சோதனை: போர்தோ நகரில் ஒயின் இயல் படிக்கும் 54 மாணவர்களிடம், வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் வாசனையை அவர்கள் வருணித்தார்கள். கண் மூக்கை ஏமாற்றிவிட்டது. கானாவில் அது சிவப்பா வெள்ளையா என்றுகூட யோவான் சொல்லவில்லை என்பதைப் பிறகு கவனித்தேன்.

இப்போது அந்தத் தாயின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பீடத்துக்கு வருவது ஒயின்தான் அம்மா. திருச்சபைச் சட்டம் எண் 924, அது திராட்சையிலிருந்து இயற்கையாக உண்டானதாக, கெட்டுப்போகாததாக இருக்கவேண்டும் என்கிறது. சிவப்பானாலும் வெள்ளையானாலும் தகும். நம் பக்கத்துக் கோவில்களில் பயன்படுவது பெரும்பாலும் இனிப்பு வகை. காடியாகிவிட்டதா என்று முகர்ந்து பார்க்கும் கடமை குருவுக்கு உண்டு. அந்த அளவுக்கு நானும் ஒரு மேற்பார்வையாளன்தான். அதில் ஒரு துளி நீர் சேர்க்கிறோம். அதன் உட்பொருளை அறிவீர்கள். அந்தக் காலத்தில் இரசத்தில் நீர் கலப்பது அன்றாட வழக்கம். மக்கபேயர் இரண்டாம் நூலின் கடைசி வரிகள் அதைச் சொல்லியே முடிகின்றன. குடிநோயிலிருந்து மீண்ட குருக்கள், சாராயச் சத்து ஏறக்குறைய இல்லாத திராட்சைச் சாற்றை, அதாவது புளிக்கத் தொடங்கியதுமே நிறுத்திவிட்ட மஸ்தும் என்பதை, ஆயரின் அனுமதியோடு பயன்படுத்தலாம் என்று 2003-இல் உரோமையிலிருந்து வந்த கடிதம் உறுதிசெய்கிறது. ஒரு துளிகூடச் சிலருக்கு ஆபத்து என்பதைப் பீடத்திலேயே நாங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். குடியை விட்டுவிட்டு நம் பங்கில் நல்லபடி வாழும் சகோதரர்களே, நான் இங்கே சொன்ன எதுவும் உங்களுக்கான அழைப்பு அல்ல. கிறிஸ்துமசுக்கு உறவினர் வீட்டில் ஒரு வாய் என்று நீட்டினாலும் வேண்டாம்.

பெங்களூரில் அந்தத் தம்பியிடம் நேராகவே கேட்டேன்: “வேலை முடிஞ்ச பிறகு?” இந்தத் தொழிலில் இருந்துகொண்டே குடியில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “பதிமூணு வயசுல கடையிலேருந்து அப்பாவத் தோள்ல தாங்கிட்டு வந்தது நான்தான் ஃபாதர்” என்றான். புத்தி சொல்லப் போன நான் வேறொன்றும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து அந்தத் தாயிடம் நடந்ததைச் சொன்னேன். துப்புகிற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “துப்பிருவாவளா? பொறவு எதுக்கு சாமி அத வாங்குதாவ?” வாங்குகிறவர்கள் குடிக்கத்தான் வாங்குகிறார்கள் அம்மா, எது நல்லது என்று சொல்வதுதான் இவன் வேலை என்றேன். அது அவருக்கு முழுத் திருப்தி தரவில்லை. எனக்கும்தான். தூளின் வாசனையை அவன் கண்டுபிடித்த கதையைச் சொன்னபோது எதுவும் பேசாமல் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

ஆடிக் கடைசியில் அவன் நான்கு நாள் விடுமுறையில் வந்தான். மூக்கைப் பழக்குவதற்கு வாசனைப் பொருள்களைச் சிறு டப்பாக்களில் வைத்துக்கொள்வார்களாம். குற்றாலம் கடைவீதியில் கிராம்பும் சாதிக்காயும் மிளகும் வாங்கினான், நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய். தூள் டப்பாவை அம்மாவே நிரப்பி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாள் வைத்து மூடிக் கொடுத்தார். மங்குஸ்தான் தோலையும் கேட்டானாம். பெங்களூர் போய்ச் சேருமுன் அழுகிவிடும் என்று சொல்லித் தரவில்லை. பணம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது.